சுருக்கெழுத்து தெரியாத பிரபு

மூர் மார்க்கெட்டில் 1978இல் மூன்று ரூபாய்க்கு நான் வாங்கிய ‘டிராகுலா’வில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. வாங்கும்போது அது தெரியாது. அட்டையில் கறுப்பு அங்கி போட்ட ஒருவர் கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பார்த்ததுமே கீழே வைத்துவிட்டேன். கிராக்கி கைநழுவுகிறதே என்று கடைக்காரர் ஐந்து ரூபாயை மூன்றாக்கினார். மூன்று ரூபாய்க்கு இவ்வளவு தடிமனா என்று ஆசை வந்தது. பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

பேய்க்கதை படிக்கும் ஆசையில் வாங்கவில்லை. மாயவரத்தில் எனக்குச் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்த மாஸ்டர், “இங்கிலீஷ் நாவலாப் படிச்சுத் தள்ளும்மா. காதுக்கு வார்த்தை பழகினாத்தான் கை ஓடும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கை ஓடத்தான் வேண்டியிருந்தது.

அன்று இரவு ஹாஸ்டல் கட்டிலில் முதல் அத்தியாயத்தைப் பிரித்தேன். ஜோனதன் ஹார்க்கரின் நாட்குறிப்பு என்று தலைப்பு. அதன் கீழேயே, இது சுருக்கெழுத்தில் எழுதப்பட்டது என்று ஒரு குறிப்பு. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதுவரை எத்தனையோ கதாநாயகர்களைப் படித்திருந்தேன். வாள் எடுத்தவன், குதிரை ஏறியவன், வயலின் வாசித்தவன் எல்லாம் உண்டு. ஒருவனுக்கும் சுருக்கெழுத்து தெரியாது.

படித்தவர்களுக்குத்தான் அந்தக் கிறுக்கலின் ருசி தெரியும். ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறை அது. எழுத்தை மறந்துவிட வேண்டும், ஒலியை மட்டும் பிடிக்க வேண்டும். மெல்லிய கோடு போட்டால் ‘பென்’னில் வரும் ப. அதே கோட்டை அழுத்திப் போட்டால் ‘பெல்’லில் வரும் ப. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் எங்கள் வகுப்புப் பெண்களுக்கு அந்த அழுத்தம் கைக்கு வர மாதக்கணக்காகும். கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் நிற்கிறதா, வரியை வெட்டுகிறதா என்பதில் உயிரெழுத்து ஒளிந்திருக்கும். லோயர் பரீட்சைக்கு நிமிடத்துக்கு 80 சொல், ஹையருக்கு 120. வீட்டில் அம்மா என் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கு, இதுக்கா ஃபீஸ் கட்றோம்?” என்பாள்.

ஹார்க்கர் எந்த முறையில் எழுதினானோ, நான் பிட்மன் என்றே வைத்துக்கொண்டேன்.

நான்காம் அத்தியாயத்தில் அந்த இடம் வந்தது. டிரான்சில்வேனியக் கோட்டையில் ஹார்க்கர் சிறைப்பட்டிருக்கிறான். முற்றத்தில் தங்கியிருக்கும் நாடோடிகளிடம் இரண்டு கடிதங்களை ஜன்னல் வழியாகப் போடுகிறான். ஒன்று முதலாளிக்கு, சாதாரண எழுத்தில். இன்னொன்று தனக்கு நிச்சயமான மீனாவுக்கு, சுருக்கெழுத்தில். இரண்டும் நேராக டிராகுலா பிரபுவின் கைக்கே போய்ச் சேருகின்றன. முதல் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு உறை போட்டுக்கொள்ளச் சொல்கிறார். இரண்டாவதைப் பார்த்ததும் முகம் மாறிவிடுகிறது. பல நூற்றாண்டு வாழ்ந்தவர், சோபாவில் படுத்துக்கொண்டு இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணையை வாசிக்கிறவர், அந்தப் புழுக்கோடுகளுக்கு முன் கைநாட்டுப் பேர்வழியாக நிற்கிறார். விளக்கில் காட்டி எரித்துவிடுகிறார். ஹார்க்கரின் காகிதங்களையெல்லாம் பிற்பாடு அவர் வாரிக்கொண்டு போனபோது நாட்குறிப்பு மட்டும் தப்புகிறது. அது கையில் கிடைத்திருந்தாலும் அவருக்கு ஓர் எழுத்துகூடப் புரிந்திருக்காது.

“அக்கா!” என்று கத்திவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் அக்கா திருநெல்வேலிப் பக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். “ஏட்டி, மணி என்ன தெரியுமா? லைட்ட அணைச்சுட்டுப் படு” என்றார். மறுநாளிலிருந்து அவரே கேட்க ஆரம்பித்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்று படித்ததை நான் தமிழில் சொல்ல வேண்டும். நகரத்தில் படம் பார்த்துவிட்டு வந்து அலறியவர்கள் உண்டு, அக்கா அலறவில்லை. “பாவம்டி அந்தாளு, ஆயுசு பூரா நைட் டியூட்டி” என்றார். பூண்டுப் பூவைக் கழுத்தில் கட்டி மீனாவின் தோழி லூசியைப் படுக்கவைக்கிறார்கள், அறை நாற்றமடிக்கிறது என்று அவள் அம்மாவே அதை எடுத்துப்போட்டு ஜன்னலைத் திறந்துவிடுகிறாள் என்று சொன்னபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பூண்டு நாத்தமா? நம்ம மெஸ்ஸுல வாரம் மூணு நாள் பூண்டுக் குழம்பு. இங்க எவன் வருவான்?”

சின்ன வயதில் எங்களுக்குப் பழக்கமான பேய் வேறு. அம்புலிமாமாவில் மாதாமாதம் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லிக் கேள்வி கேட்கும் வேதாளம். பதில் சொன்னால் முருங்கை மரம் ஏறிவிடும். ரத்தம் குடிப்பதற்கென்று காட்டேரி இருந்தது. அதற்குப் படையல் போட்டு, உன் பங்கைத் தின்றுவிட்டுப் போ என்று அனுப்பிவிடுவார்கள். வேதாளத்துக்கும் பிரபுவுக்கும் மெல்லிய சொந்தம் உண்டு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ரிச்சர்டு பர்ட்டன் 1870இல் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது வேதாளத்துக்கு ‘வேம்பயர்’ என்றே பெயர் வைத்தார். ‘டிராகுலா’ எழுதிய பிராம் ஸ்டோக்கருக்கு அவர் நேரில் பழக்கம். பேசும்போது பர்ட்டனின் மேலுதடு தூக்கிக்கொண்டு கோரைப்பல் தெரிந்ததை ஸ்டோக்கர் தன் நினைவுக் குறிப்பில் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

மீனாவுக்கு வருகிறேன். வில்ஹெல்மினாவின் சுருக்கம்தான், ஆனால் காதுக்கு நம் வீட்டுப் பெண். பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. கல்யாணத்துக்குப் பிறகு புருஷனின் வக்கீல் தொழிலுக்கு உதவ வேண்டும் என்று சுருக்கெழுத்தும் டைப்பிங்கும் விடாமல் பழகுகிறாள். நாவலை ஒரு ஸ்டெனோவின் கண்ணால் பாருங்கள். கணவனின் குறிப்பைப் பெயர்த்து டைப் அடிக்கிறாள். மனநோய் விடுதி நடத்தும் டாக்டர் சூவர்ட் தன் நாட்குறிப்பை ஃபோனோகிராஃப் உருளைகளில் பேசிப் பதிந்துவைத்திருக்கிறார். மாதக்கணக்கில் பேசியவருக்கு, வேண்டிய இடத்தைத் தேடி எடுக்கும் வழி தெரியாது. என் மேலதிகாரிகள் அத்தனை பேரும் சூவர்டின் வாரிசுகள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு, மூன்று பிரதி விழும்படி அடித்து, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோர்ப்பது மீனாதான். அதற்கு முன் அந்த ஆண்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தெரியும், முழு உருவம் யாருக்கும் தெரியாது. ஃபைல் சேர்ந்த பிறகுதான் எதிரியின் போக்குவரத்து பிடிபடுகிறது. பிரபு ஓர் இரவு புகுந்து கையெழுத்துப் பிரதியையும் உருளைகளையும் நெருப்பில் போட்டுவிட்டுப் போகிறார். பெட்டகத்தில் இன்னொரு பிரதி பத்திரமாக இருக்கிறது. கார்பன் காப்பி என்று ஒன்று உலகத்துக்கு வந்துவிட்டது அவர் காதுக்கு எட்டவில்லை.

இவ்வளவும் செய்தவளை என்ன செய்தார்கள்? பெண்மனம் தாங்காது என்று கூட்டத்திலிருந்து விலக்கிவைத்தார்கள். அவளைத் தனியாகப் படுக்கச் சொல்லிவிட்டு இவர்கள் வேட்டைக்குப் போன அந்த இரவுகளில்தான் பிரபு அவளிடம் வருகிறார். இந்த இடத்தை நான் படித்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய கூட்டம். மூன்று நாள் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து அதற்கான அறிக்கையை அடித்தவள் நான். கூட்டம் தொடங்கியதும், “நீங்க வெளியே இருங்கம்மா, வேணும்னா கூப்பிடறேன்” என்றார் மேலதிகாரி. உள்ளே நாற்பதாம் பக்கத்து எண் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார்கள். மீனாவுக்கு ஆணின் மூளை என்று, வேட்டைக்குத் தலைமை தாங்கும் வான் ஹெல்சிங் ஓரிடத்தில் பாராட்டுகிறார். அந்த வரியின் ஓரத்தில் என் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. அழுத்திப் போட்ட கோடு.

ரத்தத்துக்காக மட்டும் இந்த நாவலை ஒருவர் வாழ்நாளெல்லாம் திரும்பப் படிப்பார் என்று நான் நம்பவில்லை. பிரபு முதல் நான்கு அத்தியாயத்துக்குப் பிறகு அநேகமாகக் கண்ணிலேயே படுவதில்லை. இத்தனை நாட்குறிப்பில் அவருடையது ஒன்றுகூடக் கிடையாது. மற்றவர்களின் காகிதங்களுக்கு நடுவில் அவரை நாம்தான் தேட வேண்டியிருக்கிறது. அந்த வேலைதான் விடாமல் இழுக்கிறது.

குறை இல்லாத புத்தகமும் இல்லை. நடுப்பகுதியில் வான் ஹெல்சிங் உடைந்த ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்யும்போது நான் பக்கம் தள்ளியிருக்கிறேன். லூசிக்கு ஆர்தர், சூவர்ட், வான் ஹெல்சிங், குவின்சி என்று நான்கு ஆண்கள் வரிசையாக ரத்தம் கொடுக்கிறார்கள். நாவல் வந்தது 1897இல். கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்துச் சொன்னது அதற்குச் சில வருடம் கழித்து. லூசியைக் கொன்றது பிரபுவா, வைத்தியரா என்று ஒரு நர்ஸ் தோழி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

நவம்பர் 4ஆம் தேதி இரவு, கோட்டைக்குப் பக்கத்தில், பனியில் மீனாவைச் சுற்றி வான் ஹெல்சிங் வட்டம் போடுகிறார். அந்த வாக்கியத்தின் பாதியில் என் புத்தகம் முடிந்துவிட்டது. அடுத்தது வெறும் அட்டை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் சமாளித்தேன். பிறகு நானே ஒரு முடிவு கட்டினேன். நெஞ்சில் முளை, ஒரு அலறல், விடியும் சூரியன். அக்கா, “இவ்வளவுதானா?” என்றார். அவர் ஏமாந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 1980இல்தான் கன்னிமாரா நூலகத்தில் முழுப் பிரதி ஒன்று கண்ணில் பட்டது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுக்க உட்கார்ந்து, விடுபட்ட பதினாறு பக்கத்தையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன். திங்கள் மாலை எல்லாரும் போன பிறகு அலுவலக ரெமிங்டனில் கார்பன் வைத்து அடித்தேன். பதினேழு தாள். ஒரு பிரதி என் புத்தகத்தில் ஒட்ட, ஒன்று அக்காவுக்கு.

மூன்றாம் நாள் அது மேலே தெரிந்துவிட்டது. அலுவலக இயந்திரத்தையும் தாளையும் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ. மேலதிகாரி டிக்டேட் செய்ய அந்த மெமோவைச் சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்து, கையெழுத்துக்கு வைத்ததும் நான்தான். பிழை இல்லாமல் அடித்தேன்.

உண்மையான முடிவில் முளையும் இல்லை, சூரியனும் இல்லை. ஹார்க்கரின் கையில் இருந்தது கூர்க்கர்களின் குக்ரிக் கத்தி, அது கழுத்தில். குவின்சியின் கத்தி நெஞ்சில். கண்மூடித் திறப்பதற்குள் உடல் தூளாகிவிடுகிறது. சூரிய வெளிச்சம் பட்டால் செத்துப்போவார் என்பது ஸ்டோக்கர் எழுதாதது. அவருடைய பிரபு பட்டப்பகலில் பிக்காடிலியில் நின்று பெண்களை வேடிக்கை பார்க்கிறார். வெளிச்சத்தில் கரைவது 1922இல் முர்னாவ் எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’ படத்தில் வந்தது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925இல் தீர்ப்பும் வாங்கினார். அங்கேயும் எங்கேயோ சில பிரதிகள் தப்பிவிட்டன. முளை அடிக்காததால் பிரபு சாகவே இல்லை என்று வாதாடும் வாசகர்கள் உண்டு. அக்கா அந்தக் கட்சி. டைப் அடித்த தாளை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “தூளு காத்துல எங்க போச்சுன்னு எழுதலையேடி” என்றார்.

அவருக்குக் கடைசிவரை பிடித்தது ‘கார்மில்லா’தான். ஷெரிடன் லெ ஃபனு எழுதியது, ‘டிராகுலா’வுக்கு 25 வருடம் மூத்தது. தனிமையில் வாடும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சேரும் இன்னொரு பெண். “அதுக்கு மனசு இருக்கு. இந்தாளுக்குப் பசி மட்டுந்தான்” என்பார். என் மகள் காலத்தில் ஆன் ரைஸ். 1976இல் வந்த நாவலில் ரத்தக்காட்டேரியே உட்கார்ந்து தன் கதையை ஒரு பையனின் டேப் ரெக்கார்டரில் சொல்கிறது. மகள் அதில் கிறங்கிக் கிடந்தாள். நல்ல எழுத்துதான். ஆனால் அங்கே ஸ்டெனோவுக்கு வேலையில்லை. அலுவலகத்திலும் அதற்குள் இல்லாமல் போயிருந்தது.

ஸ்டோக்கரைப் பற்றித் தேடிப் படித்தது ஓய்வுபெற்ற பிறகுதான். டப்ளினில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவர். அயர்லாந்தின் சிறு நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகள் பற்றி ஒரு கையேடு எழுதினார், 1879இல் அச்சானது. பிறகு லண்டனில் நடிகர் ஹென்றி இர்விங்கின் லைசியம் நாடக அரங்கில் மேலாளராக 27 வருடம் கணக்கும் கடிதமும் எழுதித் தேய்ந்தார். டிரான்சில்வேனியாவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஏழு வருடம் குறிப்பெடுத்துக் குறிப்பெடுத்து எழுதிய நாவல் அது. அவர் இறந்த மறு வருடம், 1913இல், அந்தக் குறிப்புகள் ஏலத்தில் இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல் போயின. இன்று அவை ஃபிலடெல்ஃபியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என்னவோ, அந்தக் கையேட்டைப் பற்றிப் படித்த அன்று எனக்கு ஒரு சக ஊழியர் கிடைத்த மாதிரி இருந்தது.

மகள் லீட்ஸில் இருக்கிறாள். 2022 ஜூனில் போயிருந்தபோது, எங்கே போகலாம் என்று கேட்டாள். விட்பி என்றேன். பஸ்ஸில் மேட்டுநிலப் புல்வெளியைக் கடந்து வடகடல் ஓரத்துக்குப் போனோம். 1890 கோடையில் ஸ்டோக்கர் குடும்பத்தோடு வந்து தங்கியது ராயல் கிரெசென்ட்டில் 6ஆம் எண் வீடு. அதுவரை தன் வில்லனுக்கு வேம்பிர் பிரபு என்று பெயர் வைத்திருந்தார். இந்த ஊர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் எழுதிய வாலேக்கியா வரலாற்றில்தான் ‘டிராகுலா’ என்ற சொல் அகப்பட்டது. 1885இல் இங்கே கரைதட்டிய டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பலைப் பற்றியும் விசாரித்து எழுதிக்கொண்டார். நாவலில் அது டிமீட்டர் ஆயிற்று, நார்வாவிலிருந்து வந்தது வார்னாவிலிருந்து வந்ததாயிற்று. வெறும் எழுத்து மாற்றம். ஃபைல் வேலை.

செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்கு 199 படி. எண்ணிக்கொண்டே ஏறினேன், மூட்டு ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுத்தது. தூக்கத்தில் நடந்து போன லூசியைத் தேடி மீனா நள்ளிரவில் ஓடி ஏறிய படிகள். திரும்பும்போது தன் செருப்பை லூசிக்குப் போட்டுவிட்டு, வழியில் யாராவது பார்த்தால் வெறுங்கால் தெரியக் கூடாது என்று சேற்றை எடுத்துத் தன் பாதத்தில் பூசிக்கொள்வாள். இத்தனை பேய் நடமாடும் புத்தகத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சேறு. மேலே கல்லறைக் கற்களில் உப்புக்காற்று எழுத்துகளைத் தின்றிருந்தது. டிராகுலாவின் கல்லறை எங்கே என்று கேட்டுக் கேட்டுத் தேவாலயத்துக்காரர்கள் அலுத்துப்போய், அப்படி ஒன்று இல்லை, கேட்காதீர்கள் என்று அறிவிப்பே வைத்த ஊர் அது. நாங்கள் போனதற்குச் சில நாள் முன்னால்தான், நாவல் வெளியான 125ஆம் ஆண்டு என்று, பாழடைந்த மடத்தில் 1,369 பேர் கோரைப்பல்லும் அங்கியுமாகக் கூடி உலக சாதனை செய்திருந்தார்கள்.

மேற்குக் குன்றில் ஸ்டோக்கர் நினைவாகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் மடம். கைப்பையிலிருந்து மூன்று ரூபாய்ப் புத்தகத்தை எடுத்தேன். கறுப்பு உடையும் கறுத்த உதடுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், ஒட்டியிருந்த டைப் தாள்களைப் பார்த்துவிட்டு, பார்க்கலாமா என்று கேட்டாள். இருபது வயது இருக்கும். நான் அடித்தது என்று மகள் சொன்னாள். அவள் காற்றில் தாள் பறக்காமல் விரலால் அழுத்திக்கொண்டு கடைசி நாலு பக்கத்தையும் படித்தாள். புத்தகம் அவளுக்கு மனப்பாடம் போலிருக்கிறது. ஓரிடத்தில் நின்று, சிரித்துக்கொண்டே தாளை என்னிடம் நீட்டினாள்.

பிரபு தூளாகிற வரி. ‘டஸ்ட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘டிஸ்ட்’ என்று இருந்தது. டைப்ரைட்டரில் யு-வும் ஐ-யும் பக்கத்துப் பக்கத்துச் சாவிகள். நாற்பத்திரண்டு வருடமாக என் கண்ணில் படவில்லை. பேனா கைப்பையில்தான் இருந்தது. திருத்தவில்லை.